வழியில் கண்ட ஆமையை வளர்க்கலாமா?

 

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள். ஃபஜ்ர் தொழுகை முடிந்து மக்தப் பிள்ளைகள் வந்து கொண்டிருந்த நேரம். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓர் அட்டைப் பெட்டியை இரு கைகளாலும் அணைத்தபடி என்னிடம் வந்தான். அவனுடைய தந்தை ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர். அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் நேற்று வரை புதர் மண்டிக் கிடந்த மேட்டு நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்காக ஜேசிபி கொண்டு சமன் செய்து கொண்டிருந்தார்கள். அந்த மண் குவியலின் ஓரத்தில் கிடைத்ததாம். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஓர் ஆமை. கறுத்த ஓடு, அதன் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்களைப் போல விரிந்திருந்தன. யாரோ அமர்ந்து பொறுமையாக வரைந்தது போன்ற அழகு.

"இதை எங்கே வைப்பது ஹஜ்ரத்?" என்று கேட்டான். ஆமை என்றால் தண்ணீர் என்றே நான் எண்ணியிருந்தேன். சற்றும் யோசிக்காமல், "ஹவ்ளில் விடு" என்று சொல்லி விட்டேன். விட்டான். அது நீந்தவில்லை. கால்களை உதைத்தபடி மூழ்கத் தொடங்கியது. அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவரான எங்கள் முஅத்தின் ஓடி வந்து கையை விட்டு அதை வெளியே எடுத்தார். "இது தரை ஆமை ஹஜ்ரத், கட்டாந்தரையில் திரிகிற பிராணி. தண்ணீரில் போட்டால் செத்து விடும்" என்றார். ஓர் உயிர் என் அறியாமையால் போயிருக்கும். அல்லாஹ் காப்பாற்றினான்.

அதற்குள் வாசலில் ஐந்தாறு பேர் கூடி விட்டனர். வீட்டில் வைத்தால் பணம் கொழிக்கும் என்றார் ஒருவர். ஆமை புகுந்த வீடு உருப்படாது, உடனே தூக்கி எறியுங்கள் என்றார் இன்னொருவர். பெங்களூரில் இதற்கு நல்ல விலை உண்டு என்று மெல்லிய குரலில் ஒருவர் சொன்னார். கணினி நிறுவனத்தில் பணியாற்றும் இளைஞர் ஒருவர், அமெரிக்காவில் அரசாங்கமே பாலை ஆமைகளைக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கிறது, அதைப் படக்காட்சியாகப் பார்த்தேன், நாமும் வளர்த்தால் என்ன என்று கேட்டார். அவர்களுக்கு அன்று என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அதன் பின்னர் கேட்டும் படித்தும் அறிந்து கொண்டவற்றை ஒரு ஜும்ஆவில் எடுத்துரைத்தேன். வாசகர்களுக்காக இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

அது என்ன பிராணி?

இதனை நட்சத்திர ஆமை என்பர். இந்தியாவின் வடமேற்கு வறண்ட பகுதிகளிலும், அதனை ஒட்டிய பாகிஸ்தானிலும், ஆந்திரம், கர்நாடகத்தின் கிழக்குப் பகுதி, தமிழ்நாடு, இலங்கை ஆகிய இடங்களிலும் வாழ்கிறது. அடர்ந்த காடு இதற்கு உகந்ததன்று. முட்புதரும் புல்லும் கலந்த வறண்ட நிலமே இதன் வீடு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சூளகிரி, ராயக்கோட்டை என்று நம்மைச் சுற்றியுள்ள நிலத்தின் இயல்பு பெரும்பாலும் அத்தகையதே. நாம் தரிசு, பொறம்போக்கு, எதற்கும் உதவாத மேடு என்று சொல்லும் இடம் இதற்குச் செழிப்பான ஊர். புல், இலை, உதிர்ந்த பழம், பூ ஆகியவற்றைத் தின்று வாழ்கிறது.

அந்த மஞ்சள் கோடுகள் அலங்காரத்துக்காக அமைந்தவை அல்ல. காய்ந்த புல்லின் நிழலும் வெயிலும் கலந்து விழும் இடத்தில் அசையாமல் இருந்தால், இரண்டடி தூரத்தில் நிற்பவரின் கண்ணுக்கும் தென்படாது. ஓட்டின் உருவமும் வியப்புக்குரியது. எப்படிப் புரட்டிப் போட்டாலும் தானாகவே நிமிர்ந்து நிற்கும் ஒரு திண்ம வடிவத்தை ஹங்கேரி நாட்டு அறிஞர்கள் இருவர் 2006-ஆம் ஆண்டில் உருவாக்கினர். பிறகு பல ஆமைகளின் ஓடுகளை அளந்து பார்த்தபோது, நட்சத்திர ஆமையின் ஓடு அவ்வடிவத்தை மிகவும் நெருங்கியிருப்பதைக் கண்டனர். மனிதன் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை இந்தச் சிறு பிராணி முதுகில் சுமந்து நடக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

மழை பெய்ததும் இவை வெளியே நடமாடும். இணை சேர்வதும் அப்போதுதான். ஆணைக் காட்டிலும் பெண்ணே பெரியது. பெண் ஆமை இறுகிய மண்ணைத் தன் சிறுநீரால் நனைத்து இளக்கி, பின்னங்கால்களால் குழி தோண்டி, சில முட்டைகளை மட்டும் இட்டு மூடி விட்டுச் செல்லும். அவை பொரிக்கப் பல மாதங்கள் ஆகும். குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் மண்ணின் வெப்பத்தைப் பொறுத்தது. வளர்ந்து தாயாவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒரு புதர்க்காட்டிலிருந்து பெரிய பெண் ஆமைகள் பத்தை எடுத்து விட்டால், அந்த இடம் மீண்டும் நிரம்ப ஒரு தலைமுறை போதாது. கோழியைப் போன்றோ ஆட்டைப் போன்றோ பெருகும் பிராணி அன்று இது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக் கொண்டால் பின்னால் வரும் சட்டம் ஏன் இத்தனை கடுமையாக இருக்கிறது என்பது விளங்கும்.

அதிர்ஷ்டம் என்றும் துரதிர்ஷ்டம் என்றும்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. (இங்கே அமீனா என்பது கோர்ட்டு உத்தரவோடு ஜப்தி செய்ய வரும் ஊழியரைக் குறிக்கும். நம் வீட்டுப் பெண்மக்களின் பெயரைச் சொல்வதாக எண்ணி வருந்திய ஒரு தாயாரை நான் அறிவேன்!) கல்லாமை, பொறாமை, இயலாமை ஆகிய ஆமைகளையே அப்பழமொழி சொல்கிறது என்று மேடையில் நயம் பாராட்டுவோரும் உண்டு. மறுபுறம், அதே ஆமையைக் கண்ணாடித் தொட்டியில் வைத்தால் செல்வம் சேரும் என்று ஒரு கூட்டம் விற்பனை செய்கிறது. ஒரே பிராணி ஒருவருக்குப் பீடை, மற்றவருக்கு யோகம்!

பறவையும் பிராணியும் நன்மை தீமைகளைக் கொண்டு வரும் என்று சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் இணைவைப்பின் வகையில் சேர்த்தே எச்சரித்தார்கள் என்பது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. பீடை என்று அஞ்சி எறிவதும் அதில் அடங்கும். பணம் வரும் என்று நம்பி வைப்பதும் அதில் அடங்கும். நம்மவர்கள் முதலாவதை மூடநம்பிக்கை என்று எளிதில் கண்டு கொள்கிறார்கள். இரண்டாவதற்கு பரக்கத் என்று பெயர் சூட்டி விடுகிறார்கள். அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

இந்த நம்பிக்கையின் பின்னால் ஒரு பெரிய கடத்தல் வணிகம் இயங்குகிறது. இந்தியாவில் ஒரே ஒரு சேகரிப்பு மையத்தை ஒட்டி மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. துணியில் சுற்றி, ஒட்டும் நாடாவால் கால்களைக் கட்டி, பயணப் பெட்டிகளில் அடுக்கி விமானத்தில் அனுப்புகிறார்கள். 2019 மார்ச்சில் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா விமான நிலையத்தில் கேட்பாரற்று விடப்பட்ட பெட்டிகளுக்குள் 1,500-க்கும் அதிகமான ஆமைகள் இருந்தன; அவற்றுள் நட்சத்திர ஆமைகளும் உண்டு. 2018 நவம்பரில் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குத் திருப்பிக் கொண்டு வரப்பட்டன. தாய்மண்ணுக்குத் திரும்பும் பேறு பெற்றவை மிகச் சில. வழியிலேயே மாண்டு போகிறவற்றுக்குக் கணக்கு ஏது?

சட்டம் என்ன கூறுகிறது?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இது தொடக்கத்தில் நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அட்டவணையில், யானை, புலி ஆகியவற்றோடு முதலாம் அட்டவணையில் இடம் பெற்று விட்டது. இதைப் பிடித்தாலும் விற்றாலும் வைத்திருந்தாலும் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இடமுண்டு. 2019-இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டு மாநாடு, இந்தியா, இலங்கை, வங்காளதேசம் முதலிய நாடுகளின் கோரிக்கையை ஏற்று, இதன் சர்வதேச வணிகத்தை முற்றிலும் தடை செய்தது.

எனவே தத்தெடுத்து வளர்க்கலாமா என்ற வினாவுக்குச் சட்டத்தின் விடை தெளிவு. கூடாது. அன்போடு வைத்திருந்தேன், கடையில் வாங்கினேன், பிள்ளை கேட்டான் என்பவையெல்லாம் வழக்கில் நிற்கா.

சிலர் என்னிடம் வாதிட்டார்கள்: காட்டு விலங்கு பொதுச் சொத்து, பிடித்தவனுக்கு உரியது என்று ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறதே? இருக்கிறது. வேட்டையின் அடிப்படை விதி அதுவே. ஆயினும் ஆகுமானது ஒன்றைப் பொதுநலன் கருதி வரையறுப்பதற்கு ஷரீஅத்தில் இடமிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் எல்லைக்குள் வேட்டையாடுவதையும் மரங்களை வெட்டுவதையும் தடுத்தார்கள். நகீஃ என்னும் மேய்ச்சல் நிலத்தை ஹிமாவாக, அதாவது பொதுநலனுக்கென ஒதுக்கிய காப்பு நிலமாக ஆக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் ரபதாவை அவ்வாறு ஆக்கினார்கள். நாம் குடிமக்களாக வாழும் நாடு ஓர் உயிரினம் அழிந்து விடாதிருக்கத் தடை விதித்தால், அதற்குக் கட்டுப்படுவது நம் மீதான உடன்படிக்கையின் ஒரு பகுதி. உண்பதற்காகப் பிடிப்பதாகச் சொல்வோருக்கு வாதிடவும் வழியில்லை. ஹனஃபி மத்ஹபிலும், ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்திலும் ஆமை உண்ணத் தகாதது.

வளர்ப்பதே கூடாதா?

பிராணிகளை வீட்டில் வளர்ப்பதை மார்க்கம் பொதுவாகத் தடுக்கவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூஉமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடினார். அது இறந்து விட்டபோது நபி (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் பரிவோடு அதைப் பற்றிக் கேட்டார்கள். இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்து ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) ஒரு தனி நூலே எழுதினார். உணவும் நீரும் குறைவின்றிக் கொடுத்து, துன்புறுத்தாமல் வளர்ப்பது ஆகும் என்பது அப்பயன்களுள் ஒன்று. ஆனால் ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், அது தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்ததால் வேதனைக்கு ஆளானாள் என்ற செய்தியும் புகாரியில் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிபந்தனை அதன் தேவையை அறிந்து நிறைவேற்றுவது.

நட்சத்திர ஆமைக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? பால், பிஸ்கட், சோறு. அதன் குடல் புல்லுக்கும் நாருக்கும் ஆனது. மாடி வீட்டின் டைல்ஸ் தரையில், வெயில் படாத மூலையில் அடைத்து வைக்கிறோம். சுண்ணாம்புச் சத்தும் நேரடி வெயிலும் இல்லாவிட்டால் அதன் எலும்பு வளர்வதில்லை. ஓடு மிருதுவாகிக் கோணிக் கொள்கிறது. சளி பிடித்து மூச்சுத் திணறுகிறது. சத்தம் போடாத பிராணி என்பதால் அது நோயுற்றிருப்பதே நமக்குத் தெரிவதில்லை. சிலர் கயிறு கட்ட ஓட்டில் துளையிடுகிறார்கள்; பிள்ளைகள் வண்ணம் பூசுகிறார்கள். ஓடு அது போட்டுக் கொண்ட சட்டை என்று நினைக்கிறோம். அது முதுகெலும்போடும் விலா எலும்புகளோடும் இணைந்து வளர்ந்த உடம்பு. அதற்கு வலிக்கும்.

அமெரிக்கச் செய்தி

அந்த இளைஞர் சொன்னது பொய்யன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா மாநிலங்களில் வாழும் பாலை ஆமையை, அதன் மொஹாவி பாலைவனப் பிரிவை, 1990-இல் அந்நாட்டு அரசு அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. சாலைகளும் நகர விரிவும் நோயுமே காரணங்கள். அங்கே தத்துக் கொடுக்கப்படுபவை காட்டில் பிடித்தவை அல்ல. தலைமுறை தலைமுறையாக வீடுகளில் இருந்து வந்தவை. அவற்றைக் காட்டில் விட்டால் மூச்சு நோய் பரவும் என்ற அச்சத்தாலேயே, கலிபோர்னியாவில் அனுமதிச் சீட்டோடும், நெவாடாவில் ஒன்றுக்கு மேல் இல்லை என்ற விதியோடும் வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். காட்டில் காணும் ஆமையைத் தொடுவதற்கு அங்கும் தடை.

அதன் காரணத்தைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்து விட்டேன். பாலை ஆமை மழையில் குடித்த நீரைத் தன் சிறுநீர்ப்பையில் மாதக் கணக்கில் சேமித்து வைத்திருக்கிறது. மனிதன் தூக்கினால் அச்சத்தில் அதை வெளியேற்றி விடும். அடுத்த மழை வரை தாக்குப் பிடிக்க இயலாமல் மடியக் கூடும். வழி தவறிய ஒட்டகத்தை எடுத்துக் கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் முகம் சிவக்கக் கோபமுற்று, அதனுடைய நீரும் காலணியும் அதனிடமே இருக்கின்றன, அதை விட்டு விடுங்கள் என்ற கருத்தில் கூறிய ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அதே ஹதீஸில் வழி தவறிய ஆட்டுக்கு வேறு விதி. ஓநாய்க்கு இரையாகும் என்பதால் அதை எடுத்துக் கொள்ள அனுமதி. நம் கேள்விக்கு இதைவிட நெருங்கிய வழிகாட்டுதல் எனக்குத் தெரியவில்லை.

கண்டால் செய்ய வேண்டியது

புதர்க்காட்டிலோ வயல் வரப்பிலோ ஆமை தன் போக்கில் நடந்து கொண்டிருந்தால் அது ஒட்டகம். பார்த்து விட்டுச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள். சாலையைக் கடந்து கொண்டிருந்தால், நம் பாதுகாப்பைப் பார்த்து வண்டியை ஓரம் நிறுத்தி, இரு கைகளால் தரையை ஒட்டியே தூக்கி, அது எந்தப் பக்கம் நோக்கி நடந்ததோ அந்தப் பக்கத்தில் விடுங்கள். வந்த பக்கம் திருப்பி விட்டால் மீண்டும் கடக்க முயலும். மழைக்கால விடியலில் ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லி வருகிறேன்.

ஜேசிபி ஓடும் நிலத்தில், தொழிற்சாலை வளாகத்தில், காயப்பட்ட நிலையில் கண்டால் அது ஆடு. காற்றுப் புகும் பெட்டியில், நிழலில் வையுங்கள். எதையும் ஊட்ட வேண்டா. ஹவ்ள், கிணறு, ஏரி எதிலும் போட வேண்டா. உடனே வனச்சரக அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். இவ்வாறு கைக்கு வந்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும் என்பதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு. ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி, அங்கிருந்து பெங்களூரில் நல்ல மருத்துவர் இருக்கிறார் என்று நல்லெண்ணத்தோடு காரில் வைத்து எடுத்துச் செல்வோரும் இருக்கிறார்கள். மாநில எல்லையில் சோதனை நடந்தால் அந்த நல்லெண்ணத்தை எப்படி நிரூபிப்பீர்கள்? கிடைத்த ஊரிலேயே ஒப்படைப்பது உங்களுக்கும் நல்லது, ஆமைக்கும் நல்லது. எந்த நிலத்தில் எடுக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் அதைத் தன் இனத்தோடு சேர்க்க முடியும்.

ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்கள், அச்சத்தால் இரவோடு இரவாக ஏரிக்கரையில் விட்டு விட்டு வருகிறார்கள். இது இரண்டாவது அநீதி. பழகாத இடத்தில் அது பிழைக்காது. வீட்டில் பிடித்த நோயையும் அங்குள்ளவற்றுக்குக் கொடுக்கும். ஜமாஅத் பெரியவர் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் கலந்து கொண்டு, தாமாகவே வனத்துறையிடம் கொண்டு போய்க் கொடுப்பதே நேரான வழி. கண்ணாடிக் கிண்ணத்தில் விற்கப்படும் சிவப்புக் காது ஆமையும் இப்படித்தான். ஐந்து ரூபாய் நாணயம் அளவில் வாங்குகிறோம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்ததும் ஏரியில் எறிகிறோம். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த இனம் நம் ஏரி ஆமைகளின் இடத்தைப் பிடித்துக் கொள்கிறது.

அந்தச் சிறுவனின் ஆமை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவனுடைய தந்தை மிகவும் அஞ்சினார். போலீஸ் கேஸாகி விடுமோ, வேலை போய் விடுமோ என்று கலங்கினார். அவரையும் அழைத்துக் கொண்டு நானே சென்று ஒப்படைத்து, எழுதிக் கொடுத்து வந்தேன். பையன் அழுதான். ஒரு பயணத்தில் ஸஹாபிகள் இரண்டு குஞ்சுகளை எடுத்துக் கொள்ள, தாய்ப்பறவை தரையில் சிறகடித்துத் தவித்ததையும், நபி (ஸல்) அவர்கள் அவற்றைத் திருப்பி விடச் சொன்னதையும் அவனுக்குச் சொன்னேன். கேட்டுக் கொண்டான், அழுகை நிற்கவில்லை.

தத்தெடுக்க வேண்டும் என்ற ஆசைக்கு ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. பெங்களூரின் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவிலும், சென்னை வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் உண்டு. விலங்கு அங்கேயே இருக்கும். அதன் தீனிச் செலவை நாம் ஏற்கிறோம். பூங்கா சான்றிதழ் தரும். இதைச் சொன்னதும் மக்தப் பிள்ளைகள் ஓர் உண்டியல் வைத்து விட்டனர். எதைத் தத்தெடுப்பது என்பதில்தான் இன்னும் தகராறு. பெரிய பையன்கள் யானை என்கிறார்கள்; யானையின் தீனிக்கு எங்கள் ஜமாஅத் முழுவதும் சேர்ந்தாலும் போதாது என்று முஅத்தின் கணக்குப் போட்டுக் காட்டினார். பெட்டி கொண்டு வந்த பையன் மட்டும் ஆமை என்று ஒரே பிடியாக நிற்கிறான்.